தண்ணீர் இறங்கவில்லை, டிரம் சுற்றவில்லை: வாஷிங் மெஷினை எந்த வரிசையில் பார்ப்பது

துவைத்து முடித்திருக்கும் என்று போய்ப் பார்த்தால் துணியெல்லாம் கலங்கிய சோப்புத் தண்ணீரில் மிதக்கிறது, கதவு திறக்க மாட்டேன் என்கிறது, திரையில் ஏதோ இரண்டு எழுத்து மினுக்குகிறது. உடனே வீட்டில் யாராவது சொல்வார்கள், "ஸ்பின் மோட்டார் போயிடுச்சு." நான் பார்த்த வரைக்கும் மோட்டார் போயிருப்பது அபூர்வம். தண்ணீர் முழுதாக இறங்கினால்தான் மெஷின் வேகமாகச் சுற்றவே ஆரம்பிக்கும். உள்ளே இன்னும் தண்ணீர் நிற்கிறது என்று அதற்குத் தோன்றினால் அப்படியே நின்றுவிடும். அதனால் ஸ்பின் ஆகவில்லை என்று சொல்லும் மெஷினிலும் முதலில் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். இதை நான் தலைகீழாகச் செய்து கற்றுக்கொண்டேன். முதல் தடவை நேராகப் பம்பைக் கழற்றி, புதுப் பம்ப் வாங்கி மாட்டினேன். தண்ணீர் இறங்கவில்லை. டப்புக்கும் பம்புக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயில் ஒரு குழந்தைச் சாக்ஸ் சுருண்டு உட்கார்ந்திருந்தது. பம்பை மாற்றும்போது அந்தக் குழாய் என் கையில்தான் இருந்தது, உள்ளே எட்டிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

1. உங்கள் மெஷின் எந்த வகை?

இது தெரியாமல் அடுத்த படிக்குப் போனால் இல்லாத பில்டரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். முன்பக்கக் கதவு வைத்த ஃப்ரண்ட் லோடில் கீழே ஒரு பம்ப் உண்டு, பெரும்பாலும் அதற்கு முன்னால் ஒரு பில்டரும் இருக்கும். டாப் லோடில் இரண்டு விதம்: சிலவற்றில் பம்ப் இருக்கும், சிலவற்றில் பம்பே கிடையாது, ஒரு குட்டி டிரெய்ன் மோட்டார் வால்வைத் திறந்துவிட தண்ணீர் தானாக இறங்கிப் போகும். இரண்டு தொட்டி வைத்த செமி ஆட்டோமேட்டிக்கில் நீங்கள் திருப்பும் குமிழ்தான் வால்வைத் தூக்குகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், டிரெய்ன் பைப் இடுப்பு உயரத்துக்கு ஏறிப் போய் மாட்டியிருந்தால் உள்ளே பம்ப் இருக்கிறது. தரையோடு படுத்துப் போய் வடிகால் துளையில் முடிந்தால் அநேகமாகப் பம்ப் இல்லாத வகை.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

விளிம்பு தாழ்வான ஒரு தட்டு, ஒரு பக்கெட், பழைய துண்டுகள் மூன்று நான்கு, டார்ச், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், ரப்பர் கையுறை. தட்டு ஏன் என்றால் பில்டர் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில்தான் இருக்கும், அதன் அடியில் பக்கெட் நுழையாது. கையுறை அழுக்குக்காக இல்லை. பில்டரில் ஊசி, பிளேடுத் துண்டு, உடைந்த பட்டன் எல்லாம் இருக்கும்.

போனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கழற்றினாலும் கழற்றும் முன் ஒரு படம். மாட்டும்போது "இந்த கிளிப் எங்கிருந்து வந்தது" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

3. பழுது என்று முடிவு கட்டும் முன்

இதை எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். சில புரோகிராம்களில் கடைசி அலசலுக்கு அப்புறம் தண்ணீரை வேண்டுமென்றே நிறுத்தி வைக்கும் வசதி உண்டு, துணி கசங்காமல் இருக்க. கை தவறி அந்தப் பட்டனை அழுத்தியிருந்தால் மெஷின் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. ஸ்பின் வேகம் பூஜ்ஜியத்தில் இருக்கிறதா, கம்பளி அல்லது மெல்லிய துணிக்கான புரோகிராம் ஓடியதா என்றும் பாருங்கள். அவற்றில் ஸ்பின் மெதுவாகத்தான் இருக்கும், துணி ஈரமாகத்தான் வரும்.

அப்புறம் திரையில் என்ன எழுத்து என்று குறித்துக்கொள்ளுங்கள், அணைத்தால் போய்விடும். எல்ஜியில் ஓஇ, சாம்சங்கில் 5இ அல்லது 5சி, போஷில் இ18 வந்தால் தண்ணீர் இறங்குவதில் சிக்கல். எல்ஜியிலும் சாம்சங்கிலும் யூஇ வந்தால் துணி ஒரே பக்கம் குவிந்திருக்கிறது என்று அர்த்தம், நீங்கள் நேராகப் படி 8-க்குப் போகலாம். ஆனால் இந்த எழுத்து எந்தப் பக்கம் தேட வேண்டும் என்றுதான் சொல்கிறது, எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. ஓஇ பார்த்த கையோடு பம்ப் ஆர்டர் போட்டவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் வீட்டில் பைப் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே நசுங்கியிருந்தது, அவ்வளவுதான்.

பிளக்கைப் பிடுங்கி 5 நிமிடம் விட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு குழம்பி நின்றிருந்தால் இதிலேயே சரியாகிவிடும்.

4. காதைக் கொடுத்துக் கேளுங்கள்

மெஷினில் ஸ்பின் மட்டும் அல்லது டிரெய்ன் மட்டும் என்ற புரோகிராமைப் போட்டுவிட்டு, ஃபேன், டிவி எல்லாம் அணைத்துவிட்டு, மெஷினின் கீழ்ப்பக்கம் காதை வையுங்கள். எந்தக் கருவியும் இல்லாமல் பாதிப் பழுதை இங்கேயே பிடித்துவிடலாம். மெஷினுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும் நேரம் இது, கேட்பதோடு சரி, எதிலும் கை வைக்க வேண்டாம்.

"ம்ம்ம்ம்" என்று உறுமுகிறது, ஆனால் தண்ணீர் ஓடும் சத்தமே இல்லை: பம்புக்கு மின்சாரம் வருகிறது, அதன் விசிறியை ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. ஹேர்பின்னோ நூல் சிக்கலோ இருக்கலாம்.

விசிறி சுற்றும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, நடுநடுவே களக் களக் என்று காற்றோடு தண்ணீர் குலுங்குகிறது, ஆனால் மட்டம் குறையவில்லை: பம்ப் நன்றாக இருக்கிறது. பம்புக்கு முன்னாலோ பின்னாலோ அடைப்பு. என் சாக்ஸ் கதை இதுதான், நான் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கட கடவென்று கல் உருளும் சத்தம்: காசு, பட்டன், கொக்கி மாதிரி ஏதாவது கெட்டியான பொருள் விசிறியில் மாட்டி அடிபடுகிறது.

ஒரு சத்தமும் இல்லை: பம்பின் சுருள் எரிந்திருக்கலாம், கம்பி இணைப்பு கழன்றிருக்கலாம், போர்டு பம்புக்கு மின்சாரம் அனுப்பாமல் இருக்கலாம். இங்கேயும் பில்டரைச் சுத்தம் செய்து பார்த்துவிட்டுத்தான் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், ஏனென்றால் ரொம்ப நேரம் இறுகி நின்ற பம்ப் சூடாகித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வதும் உண்டு, ஆறினால் மறுபடி ஓடும்.

5. பைப்பும் பக்கெட் சோதனையும்

மெஷினை மெல்ல முன்னால் இழுத்து பைப்பை முழுநீளத்துக்கும் பாருங்கள். மடிப்பு, நசுங்கல், மேலே எதுவும் ஏறி உட்கார்ந்திருப்பது. அடுத்தது உயரம். பம்ப் வைத்த மெஷின்களில் பைப்பின் வாய் பொதுவாகத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டும். அதைவிட ரொம்ப உயரமென்றால் சின்னப் பம்பால் ஏற்ற முடியாது. ரொம்பத் தாழ்ந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும்: தண்ணீர் நிரம்ப நிரம்பத் தானாக வெளியே இழுத்துக்கொண்டு போகும், மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும். பம்ப் இல்லாத டாப் லோடுக்கும் செமிக்கும் இது அப்படியே எதிர்மாறு, அவற்றில் பைப் தரையோடு கிடக்க வேண்டும். தண்ணீர் மேட்டில் ஏறாது.

இப்போது பக்கெட் சோதனை. பைப்பின் வாயைச் சுவர்க் குழாயிலிருந்து உருவி, கிட்டத்தட்ட அதே உயரத்தில் பக்கெட்டுக்குள் பிடித்துக்கொண்டு டிரெய்னைப் போடுங்கள். தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் உங்கள் மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, அடைப்பு வீட்டுக் குழாயில் இருக்கிறது. பைப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடியுங்கள், முதல் பாய்ச்சலில் பாம்பு மாதிரித் துள்ளும். ஒரு பக்கெட் நிறைய அதிக நேரம் ஆகாது, அதனால் நிறுத்தும் பட்டன் பக்கத்தில் இன்னொருவர் நிற்கட்டும்.

புதிதாகச் சமையலறைத் தொட்டியின் அடிக்குழாயில் இணைத்திருந்தால், அந்த இணைப்பு முனையில் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று வெட்டி எடுக்காமலே விடப்பட்டிருக்கலாம். புது மெஷின் முதல் நாளே தண்ணீர் இறக்கவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

6. தேங்கிய தண்ணீரை இறக்குவதும் பில்டரைத் திறப்பதும்

இதுவரை பலன் இல்லையா, பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. ஈரத் தரையில் உட்கார்ந்து வேலை செய்யப் போகிறீர்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை காத்திருங்கள், 60 டிகிரித் தண்ணீர் கையில் கொட்டினால் தோல் வெந்துவிடும்.

பில்டரைத் திறக்கும் முன் தண்ணீரை இறக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் "சும்மா திருகிப் பார்ப்போம்" என்று மூடியை முழுக்கக் கழற்றிவிட்டார். உள்ளே பாதி டிரம் தண்ணீர். மூடியைத் திருப்பி மாட்டவும் முடியவில்லை, தண்ணீரின் அழுத்தத்தில் மரை பிடிக்காது. கூடம் வரைக்கும் சோப்புத் தண்ணீர்.

எளிய வழி: மெஷினுக்குப் பின்னால் டிரெய்ன் பைப்பை அதன் கொக்கியிலிருந்து விடுவித்து, வாயைத் தரை மட்டத்துக்குத் தாழ்த்தி வடிகால் துளையிலோ தட்டிலோ வையுங்கள். பம்ப் ஓடாவிட்டாலும் அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து வந்துவிடும், அடைப்பு முழுதாக இல்லாத வரைக்கும். ஃப்ரண்ட் லோடில் கீழ் மூலையில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்தால் பில்டருக்குப் பக்கத்தில் விரல் பருமனில் ஒரு குட்டிக் குழாய் இருக்கலாம். அதை இழுத்து, நுனியிலுள்ள அடைப்பானை எடுத்து, தட்டில் பிடியுங்கள். தட்டு நிறைந்ததும் அடைப்பானை மாட்டிவிட்டு ஊற்றிவிட்டு வர வேண்டும். 10 லிட்டருக்கு மேலும் வரலாம், பொறுமையாகச் செய்யுங்கள். டாப் லோடில் இந்தத் தொல்லை இல்லை, மேலிருந்து மக்கால் மொண்டுவிடலாம்.

சொட்டுவது நின்ற பிறகு பில்டரை இடப்பக்கமாக, கால் சுற்று கால் சுற்றாகத் திருகுங்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் வரும், துண்டு போடுங்கள். இறுகிப் போயிருந்தால் பிளேயரின் வாயில் துணி சுற்றிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கைப்பிடி உடைந்துவிடும். வெளியே வருவது பார்க்க நன்றாக இருக்காது: சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு பிசுக்கு, அதில் தலைமுடி, பஞ்சு, காகிதக் கூழ், ஒரு காசு, தேடிக்கொண்டிருந்த ஒற்றைத் தோடு.

பில்டரைக் குழாயடியில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். மரையிலும் ரப்பர் வளையத்திலும் ஒட்டியிருப்பதையும் எடுக்க வேண்டும், ஒரு நூல் இருந்தாலும் அப்புறம் கசியும்.

7. பம்பின் விசிறியும் அதற்கு முன்னால் உள்ள குழாயும்

பில்டரை எடுத்த துளைக்குள் டார்ச் அடித்தால் உள்ளே சின்ன விசிறி தெரியும். ஒரு ஸ்பூன் காம்பால் அதைச் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றாது, உள்ளே காந்தம் இருப்பதால் கொஞ்சம் தடுத்து, டக்கென்று அடுத்த இடத்துக்குத் தாவி, மறுபடி தடுக்கும். இந்தத் தாவல் இருந்தால் நல்லது. இதைப் பார்த்துப் பம்ப் இறுகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மாறாக, எந்தத் தடையும் இல்லாமல் விசிறி மட்டும் தனியாகச் சுழன்றால் அது தண்டிலிருந்து கழன்றிருக்கிறது, பம்ப் மாற்ற வேண்டியதுதான். அசையவே இல்லையென்றால் பின்னால் முடியோ நூலோ சுற்றியிருக்கும், பிளேயரால் பிடித்துச் சுற்றுக்கு எதிராக இழுங்கள்.

மல்டிமீட்டர் பழக்கம் இருந்தால், பிளக் பிடுங்கிய நிலையில் பம்பின் இரு முனையிலும் கம்பியைக் கழற்றிவிட்டு அளக்கலாம். 220–240 வோல்ட் பம்புகள் பொதுவாக 100 முதல் 200 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாமல் திறந்து கிடந்தால் சுருள் போயிற்று.

விசிறியும் நன்றாக இருக்கிறது, பில்டரும் சுத்தம், பைப்பும் சரி, ஆனாலும் இறங்கவில்லை என்றால் டப்பிலிருந்து பம்புக்கு வரும் கருப்பு ரப்பர் குழாயைப் பாருங்கள். வெளியிலிருந்து அமுக்கிப் பாருங்கள், வெறும் குழாய் பொதுக்கென்று அமுங்கும், துணி இருந்தால் கெட்டியாகத் தட்டுப்படும். சில மெஷின்களில் இங்கே ஒரு பிளாஸ்டிக் பந்து இருக்கும். அதை அடைப்பு என்று நினைத்து வெளியே போட்டுவிடாதீர்கள், அது அங்கேயே இருக்க வேண்டியது.

பம்ப் இல்லாத டாப் லோடு என்றால் கதை வேறு. டிரெய்ன் மோட்டார் ஒரு கம்பியை இழுக்கிறது. அந்த ஒரே இழுப்பு வால்வையும் திறக்கிறது, கிளட்சையும் துவைக்கும் நிலையிலிருந்து ஸ்பின் நிலைக்கு மாற்றுகிறது. அதனால்தான் அது கெட்டால் தண்ணீரும் இறங்காது, ஸ்பின்னும் ஆகாது, இரண்டு பாகம் ஒரே நாளில் கெட்ட மாதிரித் தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தக் கம்பியைக் கையால் இழுங்கள். தண்ணீர் இறங்கினால் வால்வு சரி, டிரெய்ன் மோட்டாரோ அதற்கு வரும் மின்சாரமோதான் குறை.

செமியில் குமிழைத் திருப்பும்போது உள்ளே எதுவும் இழுபடுவதாகத் தெரியவில்லை, லொடலொடவென்று சும்மா திரும்புகிறது என்றால் வால்வைத் தூக்கும் பட்டை அறுந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். அது மலிவான வேலை.

8. தண்ணீர் இறங்கிவிட்டது, ஆனாலும் சுற்றவில்லை

இங்கே முதல் சந்தேகம் துணி மேல். ஒற்றைப் போர்வை, ஒற்றை ஜீன்ஸ், ஒரு பெரிய துண்டு: நனைந்ததும் ஒரே பக்கம் குவியும். மெஷின் மெல்ல முன்னும் பின்னும் ஆட்டிப் பிரித்துப் பார்க்கும், சில தடவை முயன்றுவிட்டு நிறுத்திக்கொள்ளும். தனித் துணியோடு இன்னும் இரண்டு துணியைச் சேர்த்துப் போடுங்கள், அடைசலாக இருந்தால் பாதியை எடுங்கள். சந்தேகமாக இருந்தால் டிரம்மைக் காலியாக்கிவிட்டு ஸ்பின் போடுங்கள். காலி டிரம் நன்றாகச் சுற்றினால் பழுதே இல்லை.

நான்கு காலும் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று எதிரெதிர் மூலைகளை அமுக்கிப் பாருங்கள். இடம் மாற்றிய மெஷினோ புதியதோ குதித்தால், ஃப்ரண்ட் லோடின் பின்பக்கத்தில் கொண்டுவரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் போட்ட நீளமான போல்ட்டுகள் கழற்றப்படாமல் இருக்கலாம்.

அடுத்தது நுரை. தூள் அதிகமானால் நுரை டிரம்மைப் பிடித்து இழுக்கும், பம்பும் நுரையைத் தள்ளத் திணறும். கண்ணாடியில் நுரை அப்பியிருந்தால் அரை மணி நேரம் சும்மா விடுங்கள், அடங்கியதும் தூள் போடாமல் ஓர் அலசல் ஓட்டுங்கள்.

மூன்றாவது, மூடி. மூடி சரியாக மூடியிருக்கிறது என்று சுவிட்ச் சொன்னால்தான் ஸ்பின். டாப் லோடில் மூடியை அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம் வர வேண்டும். ஃப்ரண்ட் லோடு கதவு மின்சாரம் போன பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் திறக்காது, பூட்டு சூட்டில் வேலை செய்வது. அதை வலுவாக இழுத்துக் கைப்பிடியை உடைத்தால் ஒரு பழுது இரண்டு பழுதாகிவிடும். மூடி சுவிட்சை ஒயரால் இணைத்து ஏமாற்றும் வழி ஒன்று உண்டு, தயவுசெய்து வேண்டாம். முழு வேகத்தில் சுற்றும் டிரம்மில் கை மாட்டினால் எடுக்க நேரம் இருக்காது.

தண்ணீர் துளிகூட இல்லை, மெஷின் மட்டும் இன்னும் இறக்கிக்கொண்டே இருக்கிறதா? பிரஷர் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய காற்றுக் குழாயைப் பாருங்கள். தண்ணீர் மட்டத்தை மெஷின் அந்தக் குழாயில் அடைபட்ட காற்றின் அழுத்தத்தால்தான் அறிகிறது. கீழ் நுனியில் பிசுக்கு அடைத்தால் தொட்டி நிறைந்திருப்பதாகவே நினைக்கும். குழாயைச் சுவிட்சிலிருந்து கழற்றிவிட்டு அதற்குள் மெதுவாக ஊதுங்கள். சுவிட்சோடு சேர்த்து ஊதினால் சுவிட்ச் கெட்டுவிடும்.

பெல்ட் வைத்த மெஷினில் டிரம்மைக் கையால் சுற்றினால் மோட்டாரும் கூடவே சுற்றுவது லேசான கனமாகத் தெரியும். காற்றாடி மாதிரி சத்தமில்லாமல் சுற்றினால் பெல்ட் கழன்றிருக்கிறது. ஒரு நாள் சுற்றுகிறது, மறுநாள் இல்லை, கையால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது என்றால் மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மாற்றினால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பெல்ட்டே இல்லாத டைரக்ட் டிரைவில் பிரஷ் கிடையாது, தேடாதீர்கள்.

செமியின் ஸ்பின் தொட்டியில் நான் அதிகம் பார்த்தது கைக்குட்டை. கூடைக்கும் தொட்டிக்கும் நடுவே விழுந்து அடியில் சுற்றிக்கொள்கிறது; துணிமேல் வைக்கும் அந்தப் பிளாஸ்டிக் தட்டு இதற்காகத்தான் இருக்கிறது. கூடை சோம்பலாகச் சுற்றினால் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்: இரண்டு தொட்டிக்கும் ஒரே பைப் என்பதால் பைப் உயர்ந்திருந்தால் துவைத்த தண்ணீர் இந்தப் பக்கம் ஏறிவிடும். எதுவும் சிக்கவில்லை, மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் பிரேக் கம்பி விடவில்லை அல்லது மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெபாசிட்டர் போயிருக்கிறது. கெபாசிட்டர் பிளக் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பழக்கம் இல்லாதவர்கள் அதன் முனைகளைத் தொட வேண்டாம்.

9. எங்கே நிறுத்துவது

பில்டரைச் சுத்தம் செய்த பிறகும் பம்பிலிருந்து சத்தமே இல்லை, எரிந்த வாடை, போட்டவுடன் வீட்டின் டிரிப்பர் விழுகிறது, ஸ்பின்னில் விமானம் மாதிரி இரைச்சல்: இந்த நான்கில் எது இருந்தாலும் கருவிகளை ஓரமாக வையுங்கள். கடைசியாகச் சொன்னது டிரம்மின் பேரிங், டப்பை முழுதாக வெளியே எடுக்கும் வேலை அது. மெக்கானிக்கிடம் "ஓடலை" என்று மட்டும் சொல்லாமல், பக்கெட் சோதனையில் என்ன ஆனது, பம்ப் என்ன சத்தம் போட்டது, திரையில் என்ன எழுத்து வந்தது என்று சொல்லுங்கள். தேவையில்லாத பாகம் மாறுவது அதில் பாதி குறையும்.

10. மூடி, ஓட்டிப் பார்ப்பது

பில்டரைக் கையால் இறுகும் வரை திருகுங்கள், கோணலாக ஏறினால் எடுத்துவிட்டு மறுபடி. குட்டிக் குழாயின் அடைப்பானை மறக்க வேண்டாம், நான் மறந்திருக்கிறேன். பிறகு துணி இல்லாமல் ஒரு அலசலும் ஸ்பின்னும். ஓடும்போது பில்டரின் அடியில் உலர்ந்த காகிதம் ஒன்றை விரித்து வையுங்கள், ஒரு துளி கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். காகிதம் உலர்ந்தே இருந்தால் கழற்றிய தகடுகளை மாட்டி, மெஷினைப் பின்னால் தள்ளுங்கள், தள்ளும்போது பைப் நசுங்காமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு.